விடுமுறைக் கணக்கு: நாளுக்குக் கால் மணி நேரம் கூடவா இல்லை?



ஆண்டிறுதி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் நம்மிடையே இரண்டு கட்சிகள் முளைத்துவிடுகின்றன. "பிள்ளைகள் பாவம், ஆண்டு முழுவதும் படித்துக் களைத்துவிட்டார்கள், புத்தகத்தைத் தொடவே வேண்டாம்" என்பது ஒரு கட்சி. பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் கடை கடையாக ஏறி இறங்கித் தடித்த பயிற்சி நூல்களை வாங்கி அடுக்குவது மறு கட்சி. அது காலையில் ஒரு டியூசன், மாலையில் ஓர் அபாகஸ் வகுப்பு என்று பிள்ளையை வேனில் ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கும்.

இந்த இரண்டு கட்சிகளுமே நம் பிள்ளைகளின் கணக்குக்குத் தீங்கு செய்கின்றன என்பது என் கருத்து. முதல் கட்சி பிள்ளையை மறக்க விடுகிறது. இரண்டாம் கட்சி பிள்ளையை வெறுக்க வைக்கிறது. இவற்றுக்கு நடுவே செலவில்லாத ஒரு வழி இருக்கிறது. நாளுக்குக் கால் மணி நேரம், வீட்டில், வாய்மொழியாக, தமிழில் கணக்குப் போடுவது. இதைச் சொன்னால் பெற்றோர் சிரிக்கிறார்கள், ஆசிரியர்கள் பெருமூச்சு விடுகிறார்கள். ஏன் சிரிக்கிறார்கள், ஏன் பெருமூச்சு விடுகிறார்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பள்ளி திறந்ததும் நாம் காண்பது

பெருந்தொற்றுக் காலத்தில் நம் பள்ளியாண்டு மார்ச்சு மாதத்திற்கு நகர்ந்தது. 2026 முதல் பழையபடி ஜனவரியில் தொடங்குகிறது. மாதம் மாறினாலும் விடுமுறைக்குப் பிந்திய முதல் இரண்டு வாரங்களின் காட்சி மாறவில்லை. நான்காம் ஆண்டு ஆசிரியர் நான்காம் ஆண்டுப் பாடத்தைத் தொடங்க முடிவதில்லை. மூன்றாம் ஆண்டில் நடத்தியதைத் திரும்ப நடத்திக்கொண்டிருக்கிறார்.

கரும்பலகையில் 402 – 178 என்று எழுதினால் வகுப்பில் சிலர் 376 என்று விடை தருவார்கள். ஒவ்வோர் இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழித்துவிடுகிறார்கள். மேலே இருப்பது எது, கீழே இருப்பது எது என்ற கவலை அவர்களுக்கு இல்லை. கடன் வாங்கிக் கழிக்கும் முறையை அவர்கள் அறியாதவர்கள் அல்லர். செப்டம்பர் மாதத்தில் அதே பிள்ளைகள் 224 என்று சரியாக எழுதியவர்கள்தாம். இடையில் வந்த வாரங்களில் கை விட்டுப்போயிற்று. "நானூறு ரிங்கிட் கொண்டு போய் நூற்று எண்பது ரிங்கிட்டுக்குப் பொருள் வாங்கினால் முந்நூற்று எழுபத்தாறு மிஞ்சுமா?" என்று வாயால் கேட்டால், அந்தப் பிள்ளையே "மிஞ்சாது, சார்" என்று சொல்லும். அறிவு இருக்கிறது, பழக்கம் போய்விட்டது.

பெருக்கல் வாய்பாட்டில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரியும். ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டால் பிள்ளை கூரையைப் பார்க்கிறது, பிறகு விரலைப் பார்க்கிறது, பிறகு பக்கத்திலிருக்கும் தோழனைப் பார்க்கிறது.

"ஓய்வெடுக்கட்டுமே!"

ஓய்வு வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. பிள்ளை விளையாட வேண்டும், பாட்டி வீட்டுக்குப் போக வேண்டும், மழையில் நனைய வேண்டும். ஆனால் ஓய்வு என்பது நாளின் இருபத்து நான்கு மணி நேரத்தையும் கைப்பேசியிடம் ஒப்படைப்பது அன்று. நான் கேட்பது கால் மணி நேரம். விடுமுறையை நான்கு வாரம் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம், 28 நாள். நாளுக்குப் பதினைந்து நிமிடம் என்றால் மொத்தம் 420 நிமிடம், அதாவது ஏழே மணி நேரம். இரண்டு தமிழ்ப்படமும் இரண்டு கால்பந்து ஆட்டமும் பார்க்கும் நேரத்தைவிட இது குறைவு.

மறதி என்பது சோம்பேறிப் பிள்ளைக்கு மட்டும் வரும் நோய் அன்று. ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹவுஸ் 1885-இல் தம்மையே சோதனைக்கு உட்படுத்தி, கற்றது எவ்வளவு விரைவில் மனத்தை விட்டு நழுவுகிறது என்று அளந்து காட்டினார். இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப நினைவுகூர்ந்தால் அந்த நழுவல் குறைகிறது என்பதும் அவர் வழியில் வந்த ஆய்வுகள் உறுதிசெய்த உண்மை.

அமெரிக்காவில் ஹாரிஸ் கூப்பரும் அவர்தம் குழுவினரும் 1996-இல் நீண்ட விடுமுறை பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தனர். விடுமுறைக்குப் பின் மாணவர்கள் சராசரியாக ஒரு மாதப் படிப்பளவு பின்தங்குகிறார்கள் என்றும், அந்த இழப்பு வாசிப்பைவிடக் கணக்கில், அதிலும் அடிப்படைக் கணக்கீட்டில், மிகுதி என்றும் கண்டனர். இம்முடிவை எல்லாரும் ஏற்றுக்கொண்டுவிடவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். பால் வான் ஹிப்பெல் என்னும் ஆய்வாளர் 2019-இல், பழைய தேர்வுகளின் அமைப்பே இந்த இழப்பைப் பெரிதாக்கிக் காட்டியிருக்கலாம் என்று எழுதினார். இழப்பின் அளவு எவ்வளவு என்பதில் அவர்கள் வாதிட்டுக்கொள்ளட்டும். அமெரிக்க விடுமுறை நம்முடையதைவிட நீண்டது என்பதும் உண்மைதான். ஆனால் கதை வாசிப்பது விடுமுறையிலும் எப்படியோ கொஞ்சம் நடந்துவிடுகிறது, வகுத்தல் கணக்கு தானாக நடப்பதில்லை என்ற எளிய உண்மையை மறுக்க எந்த ஆய்வாளரும் தேவையில்லை. விளம்பரப் பலகையைப் பிள்ளை வாசிக்கிறது. 784-ஐ 8-ஆல் வகுக்கச் சொல்லி எந்த விளம்பரப் பலகையும் கேட்பதில்லை.

"தேர்வுதான் இல்லையே!"

இது புதிய வாதம். ஒன்று முதல் மூன்றாம் ஆண்டு வரை தேர்வுகள் 2019-இல் நீக்கப்பட்டன. யு.பி.எஸ்.ஆர். 2021-இல் அகற்றப்பட்டது. வகுப்புசார் மதிப்பீடு வந்தது. "தேர்வே இல்லாதபோது விடுமுறையில் எதற்குக் கணக்கு?" என்று படித்த பெற்றோரே கேட்கிறார்கள்.

யு.பி.எஸ்.ஆர். போனதற்காக அழுபவன் அல்லன் நான். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் எத்தனை 'ஏ' என்று நாளிதழில் படம் போட்டுக் கொண்டாடிய பண்பாடு நமக்கு நன்மை செய்யவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தேர்வு இருந்த காலத்தில் பயிற்சி தேர்வுக்காக நடந்தது. தேர்வு போனதும் பயிற்சியும் போய்விட்டது. அப்படியானால் நாம் இத்தனை ஆண்டுகள் கணக்கைக் கணக்குக்காகக் கற்பித்தோமா, தேர்வுக்காகக் கற்பித்தோமா? பதிலை நாமே நம் நெஞ்சைத் தொட்டுச் சொல்லிக்கொள்வோம்.

நாடு முழுவதற்குமான நிலையும் மகிழ்ச்சி தருவதாக இல்லை. டிம்ஸ் எனப்படும் அனைத்துலகக் கணித, அறிவியல் ஆய்வில் நம் இரண்டாம் படிவ மாணவர்கள் 1999-இல் கணிதத்தில் 519 புள்ளி பெற்றார்கள். 2023-இல் 411. பதினைந்து வயதினருக்கான பீசா ஆய்வில் 2018-இல் 440 ஆக இருந்த கணிதப் புள்ளி 2022-இல் 409 ஆக இறங்கியது. 2020 மார்ச்சு 18-இல் தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாடும் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த பள்ளிகளும் இதற்கு ஒரு காரணம். ஆனால் முதல் ஆய்வின் சரிவு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 2011-இல் அந்த எண் 440 ஆகத்தான் இருந்தது. இது எல்லா மொழிப் பள்ளிகளிலிருந்தும் சென்ற மாணவர்களின் கணக்கு. ஆகவே "தமிழ்ப்பள்ளியில் படித்ததால்தான் கணக்கு வரவில்லை" என்று உதட்டைப் பிதுக்குவோர் சற்றே அடக்கி வாசிக்கலாம். நோய் மொழியில் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது.

"மனப்பாடம் கூடாது!"

இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் நம் ஆசிரியர்களே. பயிலரங்குகளில் கேட்டு வந்த வாசகம் இது. புரிந்து கற்க வேண்டும், உயர்நிலைச் சிந்தனை வேண்டும், வாய்பாட்டை ஒப்பிப்பது பழைய காலத்து வேலை என்கிறார்கள்.

புரிதல் வேண்டாம் என்று யார் சொன்னது? ஏழெட்டு என்பது எட்டுப் பொருள் கொண்ட ஏழு கூட்டம் என்று பிள்ளைக்குக் காட்டத்தான் வேண்டும். காட்டிய பிறகு? 36 × 27 என்ற ஒரு சிறு கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் நான்கு அடிப்படைப் பெருக்கல்கள் இருக்கின்றன. மேலே ஏற்றிக் கூட்டுவது இருக்கிறது. இட மதிப்பு அறிந்து ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுவது இருக்கிறது. 252-ஐயும் 720-ஐயும் சேர்த்து 972 என்று முடிப்பது இருக்கிறது. ஆறேழு எவ்வளவு என்பதற்கே விரல்விட்டு எண்ணும் பிள்ளை, எண்ணி முடித்து வரும்போது தான் எந்தக் கணக்கில் எந்தப் படியில் நின்றது என்பதையே மறந்துவிடுகிறது. அதனிடம் போய் உயர்நிலைச் சிந்தனையை எதிர்பார்ப்பது, எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளையிடம் சிறுகதைத் திறனாய்வு கேட்பதற்கு ஒப்பாகும்.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி என்றொரு பாடநூலே இருந்தது. முழு எண்களை மட்டுமன்றி அரை, கால், அரைக்கால், மாகாணி என்று இறங்கி 320-இல் ஒன்றாகிய முந்திரி வரை பிள்ளைகள் வாயால் சொல்லிப் பழகினார்கள். கணித வரலாற்று ஆய்வாளர் செந்தில் பாபு இப்பள்ளிகளைப் பற்றி விரிவாக ஆராய்ந்து 2022-இல் ஆங்கிலத்தில் நூலாகவே வெளியிட்டிருக்கிறார். அங்கே நினைவு என்பது வெறும் ஒப்பித்தலாக இல்லை, நெல்லை அளக்கவும் கூலியைப் பிரிக்கவும் பயன்பட்ட கருவியாக இருந்தது. அந்தப் பிரம்படியும் அங்கிருந்த சாதி வேற்றுமையும் நமக்கு வேண்டா. அந்த நாள்தோறும் பழகும் பழக்கம் வேண்டும்.

எத்தனை வேண்டும்? இருபத்தொன்று!

வாய்பாடு என்றதும் பெற்றோர் மலையைக் கண்டவர்போல் மலைக்கிறார்கள். மலை எவ்வளவு உயரம் என்று அளந்து பார்ப்போமா?

இரண்டு முதல் ஒன்பது வரையிலான வாய்பாட்டில் 64 பெருக்கல்கள் உள்ளன. ஏழெட்டும் எட்டேழும் ஒன்றே என்று பிள்ளைக்குப் புரிந்துவிட்டால் அவை 36 ஆகச் சுருங்கிவிடும். இரண்டாம் வாய்பாடும் ஐந்தாம் வாய்பாடும் பெரும்பாலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்தவை. அவற்றை நீக்கினால் 3, 4, 6, 7, 8, 9 ஆகிய ஆறு எண்கள் தமக்குள் பெருக்கிக்கொள்பவை மட்டுமே மிஞ்சும். அவை மொத்தம் 21.

இருபத்தொன்றே பெருக்கல்கள்! விடுமுறையோ 28 நாள். நாளுக்கு ஒன்று என்று வைத்தாலும் ஏழு நாள் மீள்பார்வைக்கு மிஞ்சுகிறது. இதற்கா நூற்றைம்பது பக்கப் பயிற்சி நூல்? இதற்கா மாதக் கட்டணம்?

டியூசனும் தடித்த நூல்களும்

"என் மகன் விடுமுறையிலும் டியூசன் போகிறான், சார்" என்று பெருமையோடு சொல்லும் பெற்றோரிடம் நான் ஒன்றுதான் கேட்பேன். அங்கே என்ன செய்கிறான்? பல இடங்களில் அடுத்த ஆண்டுப் பாடத்தை முன்கூட்டியே நடத்துகிறார்கள். மூன்றாம் ஆண்டின் ஓட்டையை அடைக்காமல் நான்காம் ஆண்டின் நீரை ஊற்றினால் என்ன நிற்கும்? மூன்றில் ஒன்றையும் இரண்டில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதும் பிள்ளை, ஐந்தில் இரண்டு பாதியைவிடக் குறைவு என்பதைக்கூட உணராமல் எழுதுகிறது. பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் பாதிக்கும் குறையுமா? இதை உணர்த்த அடுத்த ஆண்டுப் பாடம் வேண்டாம், ஒரு தோசையை வெட்டிக் காட்டினால் போதும்.

தடித்த நூல்களின் குறை வேறு விதமானது. ஒரு பக்கம் முழுவதும் சேர்த்தல், அடுத்த பக்கம் முழுவதும் கழித்தல். பிள்ளை முதல் கணக்கைப் பார்த்துவிட்டு மற்ற பத்தொன்பதையும் சிந்திக்காமலே செய்துவிடும். அமெரிக்காவில் ரோரர், டெய்லர் என்னும் இருவர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே வகைக் கணக்குகளை அடுக்கிச் செய்த மாணவர்கள் பயிற்சியின்போது நன்றாகச் செய்தார்கள், ஆனால் பின்னர் வைத்த தேர்வில் வகைகளைக் கலந்து செய்தவர்களே மிகச் சிறப்பாக வந்தார்கள் என்று காட்டினார்கள். எந்தக் கணக்குக்கு எந்த வழி என்று தேர்ந்தெடுப்பதே பாதித் திறன். அதைப் பயிற்சி நூலின் தலைப்பே செய்துகொடுத்துவிட்டால் பிள்ளைக்கு என்ன மிச்சம்?

ஆசிரியர்களே, உங்களிடமும் ஒரு சொல்

விடுமுறைக்கு முந்தைய வாரம் நகலெடுக்கும் இயந்திரம் ஓயாமல் ஓடும். ஐம்பது பக்கம், அறுபது பக்கம் என்று தைத்துக் கொடுத்தனுப்புகிறோம். பள்ளி திறந்ததும் அவற்றை யார் திருத்துகிறோம்? புதிய வகுப்பு, புதிய ஆசிரியர், புதிய பதிவேடுகள். பிள்ளை செய்தது குப்பைக்குப் போகிறது. செய்யாத பிள்ளைக்கும் ஒன்றும் நேர்வதில்லை. "ஆசிரியர் கொடுக்கும் வேலையைச் செய்தாலும் செய்யாவிட்டாலும் ஒன்றுதான்" என்ற ஒரே பாடத்தைத்தான் அந்த அறுபது பக்கங்களும் கற்பிக்கின்றன.

நம் வேலைச்சுமை எனக்குத் தெரியாதது அன்று. அதனால்தான் சுமையைக் குறைக்கச் சொல்கிறேன். அறுபது பக்கத்துக்குப் பதில் ஒரே ஒரு தாள் போதும். விடுமுறைக்கு முன் ஒவ்வொரு பிள்ளையையும் இரண்டு நிமிடம் அழைத்து அந்த 21 பெருக்கல்களையும் வாயால் கேளுங்கள். தடுமாறுபவற்றை மட்டும் வட்டமிட்டு அந்தத் தாளைப் பெற்றோரிடம் அனுப்புங்கள். சிலருக்குப் பதினைந்து வட்டம், சிலருக்கு மூன்று. பள்ளி திறந்த முதல் வாரத்தில், வகுப்பு மாறியிருந்தாலும், அதே தாளை வைத்து மீண்டும் கேட்கட்டும். கேட்கப்படும் என்று தெரிந்தால்தான் பிள்ளை படிக்கும். இது பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்தா தமிழ்ப்பள்ளிக்கும் பொருந்தும், நாட்டின் பெரிய தமிழ்ப்பள்ளிகளுள் ஒன்றான கிள்ளான் சிம்பாங் லீமாவுக்கும் பொருந்தும், ஒரு வகுப்பில் ஐந்தாறு பிள்ளைகளே உள்ள தோட்டப் பள்ளிக்கும் பொருந்தும்.

"எனக்குத் தமிழில் கணக்குச் சொல்லித்தரத் தெரியாது"

இளம் பெற்றோர் பலர் சொல்லும் இந்தக் காரணத்தை நான் எள்ளி நகையாட மாட்டேன். இதற்கு வரலாறு இருக்கிறது. 2003-இல் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் தமிழ்ப்பள்ளிகளிலும் நுழைந்தது. 2009 ஜூலையில்தான் அரசு அதைக் கைவிடுவதாக அறிவித்தது. 2003-இல் முதலாம் ஆண்டில் காலெடுத்து வைத்த பிள்ளைக்கு இன்று ஏறத்தாழ முப்பது வயது. அவர்களுள் பலர் இன்று பெற்றோர். தமிழ்ப்பள்ளியிலேயே படித்தும் 'பின்னம்', 'தசமம்', 'விழுக்காடு' என்ற சொற்களைக் கணக்கு வகுப்பில் கேளாமலே வளர்ந்த தலைமுறை அது. பிள்ளையின் பாடநூலைத் திறந்ததும் அவர்களுக்கு அச்சம் வருகிறது. அவர்களைக் குறை கூற நமக்கு உரிமையில்லை.

ஆனால் அவர்களுக்கு நான் சொல்வது: நீங்கள் கற்பிக்க வேண்டாம், பழக்கினால் போதும். கலைச்சொல் தெரியாவிட்டாலும் "ஆறேழு எவ்வளவு?" என்று கேட்க உங்களுக்குத் தெரியும். எண்ணைத் தமிழில் சொல்லிப் பழக்குவதே பெரும் உதவி. தமிழில் தொண்ணூறு என்ற சொல்லுக்குள் 'நூறு' ஒலிக்கிறது, தொள்ளாயிரம் என்ற சொல்லுக்குள் 'ஆயிரம்' ஒலிக்கிறது. சின்னப் பிள்ளைகள் தொண்ணூற்றை 900 என்றும் தொள்ளாயிரத்தை 9000 என்றும் எழுதிவிடுவது இதனால்தான். மலாயில் இந்தச் சிக்கல் இல்லை, ஒன்பது பத்து என்று நேராகவே சொல்லிவிடுவார்கள். இதற்கு மருந்து தமிழை விடுவது அன்று. வீட்டில் அந்த எண்களை நாள்தோறும் சொல்லிக் கேட்பதே மருந்து. வீட்டில் விலையையும் தொலைபேசி எண்ணையும் ஆங்கிலத்தில் மட்டுமே சொல்லிக்கொண்டிருந்துவிட்டு, பிள்ளைக்கு எண்ணுப்பெயர் குழம்புகிறது என்று பள்ளியைக் குறை கூறுவது முறையாகுமா?

என்ன செய்யலாம்?

1. காலையில் ஐந்து நிமிடம் வாய்பாடு. புதிய பெருக்கல் ஒன்று. நேற்றையது, மூன்று நாள் முந்தையது, ஒரு வாரம் முந்தையது ஆகியவற்றையும் கலந்து கேளுங்கள். ஏழெட்டு ஐம்பத்தாறு என்றால், ஐம்பத்தாறில் எத்தனை ஏழு என்றும் திருப்பிக் கேளுங்கள். வகுத்தல் அங்கேயே பிறந்துவிடும்.

2. கடைக்குப் போகும்போது பணக்கணக்கு. கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் பூவும் பலகாரமும் வாங்கும்போது மீதிப் பணத்தைப் பிள்ளை சொல்லட்டும், பிறகு கடைக்காரரிடம் வாங்குங்கள். பேரங்காடி ரசீதைத் தூக்கி எறியாதீர்கள். 2008 ஏப்ரல் முதல் ரொக்கமாகக் கட்டும் மொத்தத் தொகை அருகிலுள்ள ஐந்து சென்னுக்கு மாற்றப்படுகிறது. 17 ரிங்கிட் 82 சென் ஏன் 17.80 ஆனது, 17 ரிங்கிட் 83 சென் ஏன் 17.85 ஆனது என்று கேளுங்கள். கிட்டிய மதிப்புக்கு இதைவிட நல்ல பாடம் எந்த நூலிலும் இல்லை.

3. பயணத்தில் நேரக்கணக்கு. கிள்ளானிலிருந்து கேஎல் சென்ட்ரலுக்குக் கொமுட்டர் இரயிலில் போகிறீர்கள். வீட்டை விட்டுக் கிளம்பியது 8.47, பிரிக்பீல்ட்ஸ் சேர்ந்தது 10.12 என்றால் எவ்வளவு நேரம் ஆயிற்று? பல பிள்ளைகள் 1.65 என்பார்கள். ஒரு மணிக்கு நூறு நிமிடம் என்று கைகள் நினைத்துக்கொள்கின்றன. 8.47-லிருந்து 9.47 ஒரு மணி, அங்கிருந்து 10.12 இருபத்தைந்து நிமிடம் என்று எண்ணிக் காட்டுங்கள்.

4. சமையலறையில் பின்னமும் விகிதமும். இட்லிக்கு நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்றால், ஆறு குவளை அரிசிக்கு உளுந்து எவ்வளவு? ஒன்றரை என்று சொல்ல வைத்துவிட்டால் அன்றைய பாடம் முடிந்தது.

5. வாசலில் கோலம். நடுவில் ஏழு புள்ளி வைத்து இருபுறமும் இடுக்குப்புள்ளியாக நான்கு வரை இறக்கினால் மொத்தம் எத்தனை புள்ளி? எண்ணிப் பார்க்காமல் கணக்கிட்டுச் சொல்லட்டும், பிறகு எண்ணிச் சரிபார்க்கட்டும். விடை 37.

6. ஒன்றைக் கட்டாயம் தவிருங்கள். தவறாகச் சொன்னால் அதட்டாதீர்கள், அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். கால் மணி முடிந்ததும், பிள்ளையே கேட்டாலன்றி, நீட்டிக்காதீர்கள்.

"எங்களுக்கு நேரமில்லை"

கிள்ளான் துறைமுகத்திலும் ஷா ஆலாம் தொழிற்சாலைகளிலும் பன்னிரண்டு மணி நேர வேலை பார்த்துவிட்டு வீடு திரும்பும் பெற்றோருக்கு நான் அறிவுரை சொல்ல வரவில்லை. டியூசன் கட்டணம் கட்ட இயலாத அவர்களை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை விடுமுறையில் எப்படியாவது எதையாவது செய்துகொண்டிருக்கும். ஒன்றுமே நடக்காமல் போவது வசதியற்ற வீட்டில்தான். விடுமுறை இந்த இருவருக்கும் இடையிலான தூரத்தை ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டுகிறது.

கேட்பவர் தாயோ தந்தையோ ஆகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அக்காள் கேட்கலாம், தாத்தா கேட்கலாம். தோட்டத்தில் பெரட்டுக்கு நின்று, பாலை நிறுத்து, அன்றைய கூலியை மனத்திலேயே போட்டுப் பார்த்துத் தவறு நேர்ந்தால் கிராணியிடம் வாதாடிய பாட்டிகள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அவர்களுள் பலருக்கு மனக்கணக்கு தெரியும். பேரப்பிள்ளைக்கு அவர்கள் கொடுக்கக்கூடிய சொத்து அது. தொலைக்காட்சித் தொடருக்கு நடுவே வரும் விளம்பர நேரமே அதற்குப் போதும்.

இவ்வளவு ஏன் வற்புறுத்துகிறேன்? ஆறாம் ஆண்டு முடித்ததும் நம் பிள்ளை இடைநிலைப்பள்ளிக்குப் போகிறது. அங்கே பெருக்கல் 'டாராப்' ஆகிவிடும், வகுத்தல் 'பஹாகி' ஆகிவிடும், பின்னம் 'பெச்சஹான்' ஆகிவிடும். தமிழில் உறுதியாகக் கற்ற பிள்ளைக்குச் சொல் மட்டும்தான் புதிது, ஓரிரு மாதத்தில் பழகிக்கொள்ளும். தமிழிலும் உறுதியாகக் கல்லாத பிள்ளைக்குச் சொல்லும் புதிது, பொருளும் புதிது. அது பின்வரிசையில் போய் அமர்கிறது. நான்காம் படிவத்தில் பாடங்களைத் தேர்வு செய்யும்போது கூடுதல் கணிதமும் இயற்பியலும் அதற்கு மூடிய கதவுகள். பிறகு நாம் மேடைதோறும் "நம் சமுதாயத்தில் ஏன் போதிய பொறியாளர்கள் இல்லை?" என்று முழங்குகிறோம். அந்தக் கதவு பதினேழு வயதில் மூடவில்லை, ஒன்பது வயதில் ஒரு டிசம்பர் மாதத்தில் மூடத் தொடங்கியது.

தமிழ்ப்பள்ளிக்கு நிலம் கேட்டுப் போராடுகிறோம், கட்டடம் கேட்டு மனு கொடுக்கிறோம், மானியம் கேட்டு அமைச்சின் வாசலில் நிற்கிறோம். அவையெல்லாம் வேண்டியவையே, அவற்றுக்கு அரசாங்கம் மனம் வைக்க வேண்டும். ஆனால் நாளுக்குக் கால் மணி நேரத்துக்கு யாருடைய ஒப்புதலும் தேவையில்லை. ஆசிரியர் ஒரு தாள் கொடுக்கட்டும். வீட்டில் ஒருவர் கேட்கட்டும். பள்ளி திறந்ததும் மீண்டும் ஆசிரியர் கேட்கட்டும். இதைக்கூடச் செய்யாமல் தமிழ்ப்பள்ளியைக் காப்போம் என்று நாம் கூறுவதில் பொருளிருக்கிறதா என்று சிந்தித்துப் பாருங்கள்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாக வாதிட வாருங்கள். வருமுன் உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் ஏழெட்டு எவ்வளவு என்று ஒருமுறை கேட்டுவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியன்